மெஷின் இல்லை என்று காட்டப் போனோம்

என் மனைவி ஒரு மெஷின் இல்லை, ரத்தமும் சதையுமான மனுஷிதான் என்று காட்டுவதற்காக அவளை ஆட்டோவில் ஏற்றித் தம்பானூருக்கு அழைத்துப் போனவன் நான். சிரிக்க வேண்டாம். ஆட்டோ கிளம்பியபோது எனக்கும் சிரிப்புத்தான் வந்தது. கிள்ளிப்பாலம் சிக்னலில் நின்றபோது அவள் முகத்தைத் திரும்பிப் பார்த்தேன். அதோடு சிரிப்பு போயிற்று.

முதலில் அவளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் திருநெல்வேலிக்காரன். இன்ஷூரன்ஸ் ஆபீஸ் வேலைக்காகத் திருவனந்தபுரம் வந்து, கரமனையில் பெண் எடுத்து, இங்கேயே தங்கிவிட்டவன். அவள் இங்கேயே பிறந்தவள். மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்து, மலையாளப் பள்ளிக்கூடத்திலேயே கணக்கு டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவள். வீட்டில் வாய் திறந்தால் தமிழ்தான். ஆனால் தமிழ் எழுத வராது. படிப்பாள், அதுவும் எழுத்துக்கூட்டி. இந்த ஊர்த் தமிழர்களில் பாதிப்பேர் இப்படித்தான். கடைக்குக் கொடுக்கும் சீட்டில் துவரம்பருப்பையும் கடுகையும் தமிழிலேயே சொல்லி, மலையாள எழுத்தில் எழுதுவார்கள். கல்யாணமான புதிதில் அவள் எழுதிய சீட்டைப் படிக்க முடியாமல் நான் கடை வாசலில் நின்றிருக்கிறேன். அதற்காகவே மலையாள எழுத்தைக் கற்றுக்கொண்டேன் என்று சொன்னால் அவள் ஒப்புக்கொள்ள மாட்டாள். பஸ் போர்டு பார்த்துக் கற்றுக்கொண்டதாகத்தான் எல்லோரிடமும் சொல்லுவாள்.

நாங்கள் ஒற்றுமையான தம்பதி இல்லை. காலையில் காப்பிக்கு ஆரம்பித்தால் ராத்திரி கதவுத் தாழ்ப்பாள்வரை ஏதாவது ஒன்றுக்குச் சண்டை இருக்கும். அது எங்கள் குடும்ப வழக்கம். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். அவளுக்கு வாய் அதற்கும் மேல். வகுப்பில் கத்திப் பழகிய தொண்டை. அந்தத் தொண்டையில்தான் புற்று வந்தது. குரல்வளையை எடுத்துவிட்டார்கள். இப்போது அவள் மூச்சு விடுவது கழுத்தின் அடியில் போட்ட ஒரு துவாரத்தின் வழியாக. அதன்மேல் ஒரு வெள்ளைத் துணி தொங்கும். சத்தம் என்று ஒன்று அவளிடமிருந்து வராது. கழுத்தில் வைத்து அழுத்தினால் பேசுகிற ஒரு கருவியை ஆஸ்பத்திரியில் வாங்கச் சொன்னார்கள். வாங்கினோம். மாவு மிஷின் ஓடுகிற மாதிரி ஒரே சுருதியில் இரைந்தது. ஒரு நாள் பேசிப் பார்த்துவிட்டு அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள். அதற்குப் பிறகு குழந்தைகள் கிறுக்கும் காந்தப் பலகைதான் அவள் வாய். தமிழை மலையாள எழுத்தில் எழுதிக் காட்டுவாள். நான் படித்துவிட்டுக் கத்துவேன். அவள் பலகையின் கம்பியை இழுத்து அழித்துவிட்டு மறுபடி எழுதுவதற்குள் என் கோபம் ஆறிப்போயிருக்கும். சண்டை போடக்கூட முடியாத வீடு ஒரு வீடா?

அப்போதுதான் அந்த ஆன்லைன் குழு வந்தது. வாய், தொண்டைப் புற்று வந்தவர்களும் அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களும் தமிழில் எழுதுகிற குழு. என் பெயரில்தான் முதலில் சேர்ந்தேன். இரண்டு நாளில் ஃபோன் அவள் கைக்குப் போய்விட்டது. பிறகு தனக்கென்று ஒரு கணக்கும் வைத்துக்கொண்டாள். மலையாளக் குழு ஒன்றும் இருக்கிறதே என்றேன். "வயத்துல இருக்கறது தமிழ்லன்னா வரது" என்று பலகையில் எழுதினாள். சரி, எழுத்துக்கு என்ன செய்வது? "நீ சொல்லு, நான் எழுதித் தரேன்" என்றேன். அதற்கு எழுதினாள்: "நீங்க எழுதினா உங்க சண்டையாக்கும் வரும், என் பேச்சு வராது."

ஆக, ஏஐ வந்தது. தமிழை மலையாள எழுத்தில் அதில் தட்டுவாள். தமிழ் எழுத்தில் மாற்றிக் கொடு என்பாள். அந்தச் சனியன் எழுத்தை மட்டுமா மாற்றும்? குளிப்பாட்டி, பவுடர் பூசி, பூ வைத்து அனுப்பும். ஒரு நாள் அவள் தட்டியது இது: "இந்த மனுஷன் ரசம்னு ஒண்ணு வெச்சார். கழனித் தண்ணி தேவலாம்." குழுவில் போய் விழுந்தது எப்படி என்றால், "என் கணவர் அன்போடு சமைத்துத் தரும் உணவே எனக்கு மருந்து."

நான் குதித்தேன். "ஏய், நான் எப்போடி உனக்கு அன்போட சமைச்சேன்? இது நீ எழுதினதா?"

அவள் தோள் குலுங்கச் சிரித்தாள், சத்தமில்லாமல். பிறகு எழுதினாள்: "அதுவாவது உங்களைப் பத்தி நல்லது சொல்லட்டும்."

அந்தக் குழுவில் அவளுக்கு ஒரு சிநேகிதி கிடைத்தாள். சங்கரன்கோவில் பக்கத்து அம்மா. அவள் கணவருக்கு இதே இடத்தில் இதே நோய். அவர் காய்கறி மார்க்கெட்டில் ஏலம் கூறுகிறவர். விடியற்காலையில் அவர் கூவினால் மார்க்கெட்டே திரும்பிப் பார்க்குமாம். குரல்வளையை எடுத்தால் பிழைக்கலாம் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். அவர் மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். அந்த அம்மா மெஷின் எதுவும் வைத்துக்கொள்ளாமல், புள்ளி கமா இல்லாமல் எழுதுவாள். "அக்கா அவுக மாட்டேங்காக கொரல் போன பொறவு நான் எதுக்குங்காக நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க அக்கா."

அந்த ஒரு வார்த்தையைச் சொல்வதுதான் என் மனைவிக்கு வேலையாகப் போயிற்று. தினமும் காப்பி ஆனதும் ஃபோனோடு உட்கார்ந்துவிடுவாள். அவரைப் பேசிப் பேசி ஆபரேஷன் டேபிளில் படுக்க வைத்துவிட வேண்டும். வேறு எந்த நினைப்பும் கிடையாது. தவறின பையனைக் கணக்கில் பாஸ் பண்ண வைக்கிற பிடிவாதம் அது. அவள் தட்டியதை நான் எட்டிப் பார்த்திருக்கிறேன். "முதல் மாசம் நரகம். கண்ணாடி பார்க்கப்படாது. கழுத்து வழியா சளி வரும். வாசனை தெரியாது. இவர்கூட ஒரு நாள் முகத்தைத் திருப்பிண்டார். ஆனா உசிர் இருக்கு, வெயில் தெரியறது, காப்பி இறங்கறது." மெஷின் அதை இப்படி ஆக்கியது: "தொடக்கத்தில் சில சவால்கள் இருந்தாலும், குடும்பத்தின் அன்பும் மன உறுதியும் இருந்தால் புதிய வாழ்க்கையை மகிழ்ச்சியோடு தொடங்கலாம்."

"நரகத்தைக் காணோமேடி" என்றேன்.

"பயமுறுத்தினா வருவாரா?" என்று எழுதி, அப்படியே அனுப்பிவிட்டாள்.

அவர் ஒப்புக்கொண்டார். திருவனந்தபுரத்திலேயே ஆபரேஷன் என்று முடிவாகி, நாளும் குறித்தாகிவிட்டது. அந்தச் செய்தி வந்த அன்று என் மனைவி பாயசம் வைத்தாள். அவர்கள் முன்கூட்டியே வந்து தம்பானூரில் ஒரு லாட்ஜில் அறை எடுத்து, டெஸ்ட்டுகளுக்கு அலைந்துகொண்டிருந்தார்கள். கூடத் துணைக்கு அவருடைய மச்சினர், அந்த அம்மாவின் தம்பி. பஸ் ஏறினால் கால் மணி தூரம். ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வரலாமே என்றேன். அவள் வேகமாகத் தலையை ஆட்டினாள். "ஆபரேஷனுக்கு முன்னாடி அவர் என்னைப் பார்க்கப்படாது" என்று பலகையில் எழுதி, அதன் அடியில் கோடும் போட்டாள்.

இதற்கு நடுவில்தான் குழுவில் அந்தக் கஷாய விவகாரம் வெடித்தது. யாரோ ஒருவர், தன் அம்மாவுக்கு ஒரு பச்சிலைக் கஷாயத்தில் வாய்ப்புற்று கரைந்துவிட்டது என்று உருகி உருகி எழுதியிருந்தார். சிரித்த முகமாக அந்தம்மாவின் படமும் போட்டிருந்தார். அதை நம்பி, குழுவில் ஒரு மகன் தன் அப்பாவுக்குக் கரண்ட் வைப்பதை, அதாவது ரேடியேஷனை, நிறுத்திவிட்டான். அப்பா போய்ச் சேர்ந்தார். பிறகு தோண்டினால், அந்த அம்மாவும் இல்லை, நோயும் இல்லை, கஷாயமும் இல்லை. படத்திலிருந்து பச்சிலைவரை எல்லாம் ஏஐ பண்ணியது. குழு கொதித்துவிட்டது. கோயம்புத்தூரில் இருக்கும் ஒரு பெண்தான் அட்மின். அவளும் இதே நோயில் அப்பாவைப் பறிகொடுத்தவள். அவள் ஒரு விதி கொண்டுவந்தாள். ஏஐ எழுதியது எதுவானாலும் தலையில் 'ஏஐ எழுதியது' என்ற பட்டை இருக்க வேண்டும். அப்படிப்பட்டதைச் சனிக்கிழமை மட்டும்தான் போடலாம். பழைய பதிவுகளுக்கும் அவரவரே பட்டை ஒட்ட வேண்டும். யார்மேலாவது சந்தேகம் வந்தால், அவர் தன் குரலில் ஒரு வாய்ஸ் நோட் போட்டு மனிதர்தான் என்று காட்ட வேண்டும்.

சரி என்று முதலில் கத்தியவன் நான்தான். பின்னே? ஒரு மனுஷன் செத்திருக்கிறான். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்லுவேன். யார் எழுதினார்கள் என்று தெரியாத வார்த்தையை நம்பி நோயாளியின் தலையெழுத்தை எப்படி ஒப்படைப்பது?

விதி வந்த மறுநாள் அட்மினை ஃபோனில் கூப்பிட்டேன். என் மனைவியின் நிலைமை இது, சொல்வது அவள், எழுத்துத்தான் மெஷின், அவளுக்கு மட்டும் விலக்குக் கொடுங்கள் என்றேன். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டாள்.

"சார், ஆன்ட்டிய எனக்குத் தெரியாதுங்களா? ஆனா ஒருத்தருக்கு விட்டா, நாளைக்கு கஷாயக்காரனும் எனக்குத் தமிழ் எழுத வராதுன்னு வந்து நிப்பானுங்க. நான் எதைப் பார்த்துப் பிரிக்கறது? பட்டை போட்டா தப்பில்லீங்களே. நான் எதையும் அழிக்கலையே."

அவள் சொன்னதில் பிழை எங்கே இருக்கிறது? நான் அந்த நாற்காலியில் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். கோபத்தில் ஃபோனை வைத்தேன், யார்மேல் கோபம் என்று தெரியாமலே.

"பழசையெல்லாம் விடு, எவனும் பார்க்கப்போறதில்லை. இனிமே போடறதுக்கு மட்டும் பட்டை போடு" என்று மனைவியிடம் சொன்னேன். பரீட்சை ஹாலில் காப்பி அடித்தவனை அவன் வாயாலேயே ஒத்துக்கொள்ள வைத்துவிட்டுத்தான் வெளியே விடுவாள் அவள். என் பேச்சா கேட்பாள்? "உங்க நியமம் அல்லோ" என்று எழுதினாள். விதி என்பதற்கு இங்கே நியமம் என்றுதான் சொல்வார்கள். உட்கார்ந்து, சங்கரன்கோவில் அம்மாவுக்கு எழுதின ஒவ்வொன்றுக்கும் பட்டை ஒட்டினாள். ஒன்றுகூட விடவில்லை. கஷாயக்காரன் எதற்காவது ஒட்டினானா? அவன் வேறு பெயரில் வந்து, இப்போது தைலம் விற்றுக்கொண்டிருந்தான், பட்டை இல்லாமல்.

மறுநாள் காலை அந்த அம்மாவிடமிருந்து வந்தது: "அக்கா நீங்க உண்மையிலே இருக்கீகளா"

எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அடுத்ததும் வந்தது. "எந்தம்பி எல்லாத்தையும் பாத்துட்டு அவுககிட்ட காமிச்சிட்டான் ஒரு மெஷின் பேச்சக் கேட்டா என் கழுத்த அறுக்கக் கூட்டியாந்தேங்காக பையக் கட்டிட்டாக அக்கா எதாவது சொல்லுங்க"

என் மனைவி ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தாள். தமிழில் பதில் எழுதினால் மெஷின். மெஷின் என்றால் பட்டை. அன்றைக்குச் சனிக்கிழமையும் இல்லை. எழுந்து போய் அலமாரியைத் திறந்து அந்தக் கருவியை எடுத்தாள். சார்ஜ் போட்டாள். அது ஏறும்வரை பக்கத்திலேயே நின்றாள். பிறகு கழுத்தில் அழுத்திப் பிடித்து, வாய்ஸ் நோட்டில் பேசினாள்: "நான் இருக்கேன். என்னை நம்பலாம். போகாதீங்கோ." மாவு மிஷின் இரைச்சலில் அவ்வளவும் கேட்டது.

மச்சினர் பதில் போட்டார்: "ரோபோ கொரல வச்சு யாரும் ஏமாத்தலாம்." குழுவில் இன்னும் சிலரும் ஆமாம் போட்டார்கள். அது ஆபரேஷன் ஆனவர்கள் பேசுகிற கருவி என்று ஒரே ஒருவர் எழுதினார். அவரையும் மெஷினா என்று கேட்டார்கள். நான் அந்த அம்மாவின் நம்பருக்கு ஃபோன் செய்தேன். மச்சினர்தான் எடுத்தார். "லாட்ஜ் வாசல்லயே ஆள் புடிக்க நிக்காங்க சார். நீங்க ஆஸ்பத்திரி ஏஜென்ட்டு இல்லன்னு நான் எப்படி நம்புறது?" என்று கேட்டு வைத்துவிட்டார்.

அவள் பலகையை எடுத்தாள். "ஆட்டோ" என்று மட்டும் எழுதினாள்.

பள்ளிக்கூடத்துக்குக் கட்டிப் போகும் கஞ்சிபோட்ட புடவை. பொட்டு. புதிதாகத் துவைத்த கழுத்துத் துணி. கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றாள். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. அவர் தன்னைப் பார்க்கக்கூடாது என்று சொன்னவள். பார்த்தாலொழிய அவர் நம்பவும் மாட்டார். இரண்டும் எனக்குத் தெரியும். ஆட்டோவில் பாதி வழியில், "திரும்பிடலாமா?" என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

லாட்ஜில் லிஃப்ட் கிடையாது. மூன்றாவது மாடி. படியேறியதில் அவளுக்கு இரைத்தது. கதவு திறந்தே இருந்தது. பைகள் கட்டி வாசலோரம் வைத்திருந்தார்கள். உள்ளேயிருந்து ஒல்லியாக ஒரு பெண்மணி வந்தாள். என் மனைவியைப் பார்த்தாள். கழுத்துத் துணியைப் பார்த்தாள். அவ்வளவுதான், ஓடிவந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். "அக்கா, இருக்கீகளே! நீங்க இருக்கீகளே அக்கா!" மச்சினர் முகம் தொங்கிப்போய், நாற்காலியை இழுத்துப் போட்டார். எனக்கு அப்பாடா என்று இருந்தது. ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நல்ல ஆகிருதி. பேச்சு கரகரத்தாலும் அறை முழுக்கக் கேட்டது. "வாங்கம்மா, உக்காருங்க" என்றார்.

உட்காரும்போது என் மனைவிக்கு இருமல் வந்தது. படியேறிய இரைப்பு. அவளுக்கு இருமல் வாயிலிருந்து வராது. கழுத்திலிருந்து, சீறிக்கொண்டு வரும். துணி பறந்து விலகிற்று. கைக்குட்டையால் அந்தத் துவாரத்தைப் பொத்தினாள், துடைத்தாள், மறுபடி இருமினாள், மறுபடி துடைத்தாள். அவர் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மா என் மனைவியின் முதுகைத் தடவினாள், ஆனால் அவள் பார்வையும் அங்கேயே இருந்தது.

இருமல் அடங்கியதும் கருவியை எடுத்து வைத்து, "பயப்படாதீங்கோ" என்றாள். அந்த இரைச்சலில் அந்த வார்த்தை. நானாக இருந்தால் பயந்திருப்பேன்.

அவர் மெதுவாகக் கேட்டார். "இதுக்கு மேல சத்தமா வராதாம்மா? தூரத்துல போறவனக் கூப்புட முடியாதா?"

அவள் இல்லை என்று தலையாட்டினாள்.

"வாசனை? வெங்காயம் அழுகியிருக்கான்னு மோந்து பாத்துச் சொல்லுவேன் நான்."

இல்லை. ஒரு பொய் சொல்லித் தொலைத்திருக்கலாம். வாழ்நாள் முழுக்கச் சரியான விடையைச் சொல்லிப் பழகியவள். அவளால் முடியவில்லை.

"நீங்க எழுதுனதுல இதெல்லாம் இல்லையேம்மா" என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள். "எழுதினா! இவ எழுதினா சார். நரகம்னே எழுதினா. அந்தச் சனியன்தான் எடுத்துடுத்து. ஆனா நன்னா இருக்கா சார், தினம் காப்பி குடிக்கறா, என்னோட சண்டை போடறா" என்று நான் கத்தினேன். அடுத்த அறையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அவர் எழுந்து நின்று, என் மனைவியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "நீங்க மனுஷிதாம்மா. ஒரு சந்தேகமும் இல்ல. எங்களுக்காக இம்புட்டுத் தூரம் மாடியேறி வந்தீகளே." பிறகு மச்சினரிடம் திரும்பி, "நாலு மணிக்குத் தென்காசி வண்டி இருக்கான்னு பாரு" என்றார். அந்த அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் கையை உயர்த்தினார். அதோடு முடிந்தது.

கிளம்பும்போது அந்த அம்மா என் மனைவியோடு ஒரு படம் எடுத்துக்கொண்டாள். அன்று சாயங்காலமே அதைக் குழுவில் போட்டாள்: "அக்கா உண்மையான ஆளு நான் நேர்ல பாத்தேன்." எல்லோரும் மன்னிப்புக் கேட்டார்கள். அட்மின் பெண் என்னைக் கூப்பிட்டு அழாத குறையாகப் பேசினாள். என் மனைவியின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சை டிக்கும் வைத்தாள். அதைத் தொட்டால் 'மனிதர் என உறுதி செய்யப்பட்டவர்' என்று வரும்.

அவள் அதற்குப் பிறகு அங்கே எதுவும் எழுதவில்லை. தினமும் எடுத்துப் பார்ப்பாள், வைத்துவிடுவாள். நான் ஏதாவது சொல்லிச் சண்டைக்கு இழுத்தாலும் பலகையைத் தொட மாட்டாள்.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் அந்த அம்மா எழுதினாள். "அவுக போயிட்டாக அக்கா கடைசி ஒரு மாசம் கொரலும் இல்ல கஞ்சியும் எறங்கல."

அதன் கீழே ஆறுதல்கள் வந்து விழுந்துகொண்டே இருந்தன. ஈடு செய்ய முடியாத இழப்பு, ஆன்மா சாந்தியடையட்டும், இந்தக் கடினமான நேரத்தில் உங்களோடு நிற்கிறோம். எல்லாம் ஒரே மாவில் வார்த்த இட்லி. ஒன்றின் தலையிலும் பட்டை இல்லை. என் மனைவி ஒவ்வொன்றாக எழுத்துக்கூட்டிப் படித்து முடித்தாள். கஷாயக்காரன், இப்போது தைலக்காரன், போட்டதையும் படித்தாள்.

பிறகு பலகையை எடுத்து எழுதி, என் பக்கம் திருப்பினாள். "நான் மெஷினாவே இருந்திருக்கலாம். அவர் ஆபரேஷன் பண்ணிண்டிருப்பார்."

வழக்கமாக எதையாவது சொல்லிக் கத்துகிறவன் நான். அன்றைக்கு நானும் எழுத்துக்கூட்டி அதை இரண்டு தடவை படித்தேன். அவள் கம்பியை இழுத்து அழித்துவிட்டு, குக்கருக்கு அரிசி களையப் போனாள்.